இரண்டாம் கொட்டகை – அத்தியாயம் 11: பன்னிரண்டு பேக்கட்

"அப்பா, ஸ்டோர் சாவியக் குடுங்க."

காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா குவளையை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். புது ஃபோன் கேட்கலாம். பினாங்குக்கு டூர் போகக் கேட்கலாம். பார்த்து வைத்த மாப்பிள்ளை வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம், சொல்லியிருக்கிறேன். தீனி ஸ்டோர் சாவியை மட்டும் கேட்கக் கூடாது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அம்மா இதைச் சொன்னாள். ஏன் என்பதையும் ஒரே ஒரு முறை சொன்னாள்.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. தோட்டத்தில் உர மூட்டை இரண்டு காணாமல் போனது. கணக்கெழுதும் கிராணியும் வேலை வாங்கும் மண்டோரும் தொழிலாளர் லயத்தில் இருந்த இருபது வீடுகளில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்தார்கள். அரிசி டின்னைத் தரையில் கவிழ்த்துத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் காலைப் பிரட்டில் வேலைக்கு ஆள் எண்ணிப் பெயர் கூப்பிட்டபோது, செல்லன் என்ற அப்பாவின் பெயருக்கு மட்டும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மூட்டைகள் மூன்று வாரம் கழித்து ஆபீஸுக்குப் பின்னாலேயே கிடந்தன. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகு அப்பா தோட்டத்தை விட்டு வந்து கோழி வளர்க்க ஆரம்பித்தார். கொட்டகைக்குக் கூரை போடுவதற்கு முன்பே ஸ்டோருக்குப் பூட்டு வாங்கிவிட்டாராம். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில்தான் இருக்கும். குளிக்கும்போதும் அவிழ்க்க மாட்டார். அந்த ஸ்டோருக்குள் போய் எதையாவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னாலும் அவருக்கு ஒரே அர்த்தம்தான்.

"எதுக்கு?" என்றார்.

"மஞ்ச பேக்கட்ட எண்ணணும்."

குவளையை வைத்தார். வாசலுக்குப் போய் ரப்பர் பூட்ஸை மாட்டினார். கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

"ஒனக்கென்ன பைத்தியமா?" அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "காலங்காத்தால அந்த மனுசன்கிட்ட என்ன கேக்குற? பசியாறாமப் போறாரு பாரு."

"எண்ணாம எப்படிம்மா தெரிஞ்சிக்கிறது?"

"எல்லாத்தையும் தெரிஞ்சிக்கணுமா? நாங்கல்லாம் தெரியாம உசுரோட இல்ல?"

இந்த வாரம்தான் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்களும் இருப்பீர்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தனேஸ்வரி. இந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். கால்நடை அறிவியல் படித்துவிட்டு எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். கடைசியில், அப்பாவுக்குக் குஞ்சும் தீனியும் தருகிற அதே கம்பெனியில் ஆறு மாத வேலை கிடைத்தது. ஒரு சோதனை நடத்திக் கொடுக்க வேண்டும். புக்கிட் ரோத்தானைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் அப்பாவின் இரண்டு கொட்டகைகளிலேயே நடத்தலாம் என்றார்கள்.

ஒவ்வொரு கொட்டகையிலும் ஆறாயிரம் குஞ்சு. முதல் கொட்டகையில் வழக்கம்போல மஞ்சள் பேக்கட். தீனியில் கலக்கிற ஆன்டிபயோட்டிக் தூள் அது. ஒரு நாள் தீனிக்கு ஒரு பேக்கட். கோழிக்கு நோய் வந்ததால் கொடுப்பதில்லை, சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்று கொடுப்பது. இரண்டாம் கொட்டகையில் அது கிடையாது. அங்கே சுத்தம் மட்டும்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை உமியைப் புரட்டிக் காயவிடுவது, தண்ணீர்க் குடுவைகளைக் காலையும் மாலையும் கழுவுவது, குடிதண்ணீரில் கொஞ்சம் புளிப்பு மருந்து சேர்ப்பது.

நான் நம்பியது இதுதான். மஞ்சள் தூள் கோழியை வளர்ப்பதில்லை. அழுக்குக் கொட்டகை கோழியிடமிருந்து பிடுங்கிக்கொள்வதை அது தடுக்கிறது, அவ்வளவுதான். கொட்டகை சுத்தமாக இருந்தால் தூளுக்கு வேலை குறைந்துவிடும். மனிதனுக்குக் காய்ச்சல் வந்தால் கொடுக்க வேண்டிய மருந்தைக் கோழிக்குச் சோறாகப் போட்டு, கிருமிகளை அதற்குப் பழக்கிவிட வேண்டியதில்லை.

இருபத்தோராம் நாள் எடை போட்டேன். முதல் கொட்டகைக் கோழி சராசரியாகத் தொள்ளாயிரத்துப் பத்து கிராம். என் கொட்டகைக் கோழி எண்ணூற்று இருபது. இருபத்தெட்டாம் நாள் வித்தியாசம் முப்பது கிராமாகச் சுருங்கியது. முப்பத்தைந்தாம் நாள் இரண்டும் இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டன, பத்து கிராம்தான் வித்தியாசம்.

ஜெயித்துவிட்டேன். நான் கோழியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் கம்பெனி வாட்ஸ்அப்பில் சுற்றியது. இந்தப் பக்கத்தில் இருக்கும் இன்னும் ஏழு பண்ணைகளும் அடுத்த குஞ்சிலிருந்து மஞ்சள் பேக்கட்டை நிறுத்துவதாக முடிவாயிற்று.

மூன்று நாளைக்கு முன்னால், திங்கட்கிழமை, லேப் முடிவு வந்தது. என் கொட்டகையிலிருந்து அனுப்பிய ஐந்து கோழிகளில் நாலில் மருந்து இருந்தது.

கம்பெனி சூப்பர்வைசர் தேவதாஸ், லேப் தப்புப் பண்ணியிருக்கும் என்றார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு வை, வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

அப்பா இரண்டாம் கொட்டகையில் இருந்தார். கோழி போய் ஆறு நாள் ஆகிறது. காலிக் கொட்டகை இரண்டு மடங்கு நீளமாகத் தெரிந்தது. பழைய உமியை மண்வெட்டியால் வழித்து ஓரமாகக் குவித்துக்கொண்டிருந்தார். நெடி கண்ணைக் கரித்தது. நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்து வரிசையில் வழிக்க ஆரம்பித்தேன். கை சும்மா இருக்கும்போது பேசத் தெரியாத குடும்பம் நாங்கள்.

"லேப் தப்புன்னு தேவதாஸ் தம்பி சொல்லுச்சில்ல" என்றார், நிமிராமல்.

"மொதக் கொட்டாய்லேர்ந்தும் அஞ்சு கோழி அனுப்பினோம். அதுல ஒன்னுலயும் மருந்து இல்ல. மருந்து தின்ன கோழி சுத்தமா இருக்கு. திங்காத கோழில மருந்து இருக்கு. இது லேப் தப்பாப்பா?"

அவர் ஒரு வரிசை முழுக்க வழித்து முடித்தார்.

"இருபத்தோராம் நாளு எட போட்டியே."

"போட்டேன்."

"சார்ட்ல எழுதிட்டு வெளில போயி எண்ணெ ட்ரம்மு மேல ஒக்காந்துக்கிட்ட. ரொம்ப நேரம் ஒக்காந்திருந்த."

"ஆமா."

"அழுவுறன்னு நெனச்சேன்."

"நான் அழல. கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டுக்கும் ஒனக்கு மூஞ்சி ஒன்னாத்தான் இருக்கு."

நான் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினேன். "என்னப்பா செஞ்சீங்க?"

"ஃபோர்ம் டூல நீ கணக்குல கீழ போனப்ப என்ன செஞ்சோம்? சும்மா வுட்டோமா? புக்கிட் ரோத்தான்ல அந்தச் சீன டீச்சர்கிட்ட டியூஷனுக்கு அனுப்பல?"

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது.

"கோழிக்கு டியூஷன் வச்சீங்களா?"

"எட்டிப் புடிக்கிறவரைக்கும்தான். கொஞ்ச நாளு."

"ரெண்டு கொட்டாயும் உங்களுதுதானே. எது மேல வந்தா என்ன?"

"ரெண்டாவது ஒன்னுது" என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "மொதக் கொட்டாய் கம்பெனி சொன்ன மாதிரி. ரெண்டாவது நீ சொன்ன மாதிரி. கம்பெனி சொன்னது மேல, எம்புள்ள சொன்னது கீழயா?"

"எத்தன நாளு கலந்தீங்க?"

"எட்டு."

"எண்ணிப் பாக்கணும்ப்பா."

அவர் சட்டையைத் தூக்கிக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வருடக்கணக்கில் இறுகிப்போன முடிச்சு. உமித்தூசி படிந்த விரல்களால் வெகுநேரம் மல்லுக்கட்டினார். நான் உதவிக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று தெரிந்தது. அவிழ்ந்ததும் சாவியை என் கையில் தரவில்லை. தண்ணீர்க் குழாயின் மேல் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி வழிக்க ஆரம்பித்தார்.

கம்பெனி கொடுத்தது நாற்பத்தைந்து பேக்கட். முதல் கொட்டகைக்கு இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு பேக்கட். பதினேழு மிஞ்சியிருக்க வேண்டும். அலமாரியில், ஒன்றின் மேல் ஒன்றாக, முனை பிசகாமல் அடுக்கி வைத்திருந்தார். ஐந்துதான் இருந்தன.

திரும்பி வந்தேன். "பன்னெண்டுப்பா."

"பன்னெண்டுதான். எட்டுன்னா ஒனக்குக் கோவம் கொறையும்னு பாத்தேன்."

"கோழி புடிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னயே நிறுத்தணும்னு ஒங்களுக்குத் தெரியாதா? இத்தன வருசமா நிறுத்துறீங்கதானே?"

"நிறுத்தினேனே. மொதக் கொட்டாய்ல இருபத்தெட்டாம் நாளுக்குக் கீழ செவப்புக் கோடு போட்டு, இன்னியோட மருந்து நிறுத்தணும்னு எழுதியிருந்த. அன்னிக்கே நிறுத்திட்டேன்." மண்வெட்டியால் வாசல் பக்கம் காட்டினார். "இதுல நீ கோடு போடல."

வாசலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது இரண்டாம் கொட்டகை சார்ட். என் கையெழுத்து. அவர் படிப்பதற்காகத் தமிழில் எழுதியது. கோடு இல்லை. இல்லாத மருந்தை நிறுத்துவதற்கு யார் கோடு போடுவார்கள்? எழுதியிருப்பதை அப்பா ஒருநாளும் மீறியதில்லை. எனக்குத் தெரியாமல் மருந்தைக் கலந்தார். அதை எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு மட்டும் என் சார்ட்டைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார். தீனித் தொட்டி மஞ்சளாக இருந்தால் கோழி பிடிக்க வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு நாள் முன்னால் கழுவியிருக்கிறார். அதோடுதான் கலப்பது நின்றது.

"இது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தேவதாஸ் தம்பி பாத்துச்சி."

"என்னது?"

"ரெண்டு தடவ. நான் கலக்குறப்ப வாசல்ல நின்னுச்சி. சிரிச்சிட்டு, செய்யிங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போயிருச்சி. கம்பெனி ஆளே ஒன்னும் சொல்லல, சரின்னுதான் நெனச்சேன்."

குழாயின் மேல் சாவியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா பின்கட்டில் தண்ணீர்க் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த குஞ்சு வருவதற்கு முன் எல்லாவற்றையும் கழுவிக் காயவைக்க வேண்டும். நூற்றிருபது குடுவை. சோதனை நடந்த முப்பத்தைந்து நாளும், இரண்டு வேளையும், என் கொட்டகைக் குடுவைகளைக் கழுவியது அம்மாதான். புளிப்பு மருந்து பட்டு விரல் இடுக்குகள் உரிந்திருந்தன. கையுறை வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டால் குடுவை வழுக்குகிறது என்று கழற்றிவிட்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

"கைலிய தொவைக்கிறது யாரு? மஞ்சளா இருந்திச்சி." ஒரு குடுவையைக் கவிழ்த்து வைத்தாள். "ஒன்னு கேக்குறேன். நான் ரெண்டு வேளையும் கழுவினேனே. அது வேலைக்கு ஆகலையா?"

"தெரியாதும்மா."

"படிச்ச புள்ளதானே நீ. தெரியாதுன்னா?"

"நீங்க கழுவினதால வளந்திச்சா, அப்பா கலந்ததால வளந்திச்சான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. கலக்காம இருந்திருந்தா எட்டிப் புடிச்சிருக்கலாம். புடிக்காமயும் போயிருக்கலாம். தோத்திருந்தாகூட ஒன்னு தெரிஞ்சிருக்கும். இப்ப ஒன்னுமே தெரியாது."

அம்மா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அடுத்த குடுவையை எடுத்தாள்.

அப்போதுதான் சோமு மாமாவின் அழைப்பு வந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி, கால்வாய் ஓரத்தில் அவருடைய பண்ணை. தாழ்ந்த கூரை, மண்தரை, மழை வந்தால் உமி ஊறிப்போகும். ஏழு பண்ணைகளில் அதுதான் பழையது.

"தனா, மருமகளே, எங்க இருக்க?"

"வீட்டுலதான் மாமா."

"திங்கக்கெழம குஞ்சு எறங்குது. எட்டாயிரம். மஞ்ச பேக்கட்டெல்லாம் நேத்தே கம்பெனி லோரில திருப்பி அனுப்பிட்டேன். மாமி பயப்படுறா. நான் சொன்னேன், நம்ம செல்லன் மக கணக்குப் போட்டுச் சொன்னது, தப்பாவாதுன்னு. அந்தப் புளிப்பு மருந்து எத்தன மூடி ஊத்தணும்?"

"மாமா."

"ம்?"

"சாயங்காலம் வரேன். நேர்ல சொல்றேன்."

"வா வா. வந்து கொட்டாயப் பாரு. ஒனக்காக நேத்து பூரா கழுவி வச்சிருக்கேன்."

கொஞ்சம் படித்தவர்களுக்குக்கூடப் புரியும் கணக்கு இது. அந்த மண்தரைக் கொட்டகையில், தூள் இல்லாமல், பத்தாம் நாளுக்கு மேல் குஞ்சுகளுக்கு வயிறு கெட ஆரம்பிக்கும். மாமா குடுவையைக் கழுவிக்கொண்டே இருப்பார், ஏனென்றால் நான் சொன்னேன்.

ஃபோனை வைத்ததும் அம்மா சொன்னாள்: "நேர்ல போயி என்னத்த சொல்லப் போற?"

"நடந்தத."

"ஒங்கப்பா பேரையா?"

அம்மா ஈரக்கையோடு எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு அரிசிய அள்ளினது நான்தான்டி. தரையில கெடந்தத, கல்லு மண்ணோட, ஒரு மணி நேரம் அள்ளினேன். அவரு செவுத்தப் பாத்துக்கிட்டே நின்னாரு. அன்னிக்கு அவரு ஒன்னும் செய்யல. இன்னிக்கு செஞ்சிருக்காரு. வித்தியாசம் புரியுதா? அப்ப வாயத் தொறந்து நான் எடுக்கலன்னு சொல்ல முடிஞ்சது. இப்ப அதுவும் சொல்ல முடியாது. அத நீ போயி ஊருக்குச் சொல்லப் போற."

புரிந்தது. காலையிலிருந்து அது ஒன்றுதான் புரிந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்பா நின்றார்.

மூன்று மணிக்குச் சரியாக வெள்ளை பிக்-அப் வந்தது. தேவதாஸுக்கு நாற்பது வயதிருக்கும். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். அதைப் பேச்சுக்குப் பேச்சு சொல்லிக்கொள்வார். சூடான பீசாங் கோரேங் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, அப்பா உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, தேத்தண்ணி வேணாம். ஐஸ் தண்ணி போதும். அண்ணே, ஒக்காருங்க, ஏன் நிக்கிறீங்க?"

அப்பா உட்காரவில்லை. குளித்து, வெளுத்த சட்டை போட்டு, வாசல்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

தேவதாஸ் ரிப்போர்ட்டை எடுத்து வைத்தார். பதினோரு பக்கம். கடைசிப் பக்கத்தில் கோட்டுக்குக் கீழே என் பெயரும், என் பெயரோடு ஒட்டி, இன்னாரின் மகள் என்று அப்பா பெயரும் அச்சாகியிருந்தன.

"லேப்ப பத்தி நீ கவலப்படாத தங்கச்சி. வேற சாம்பிள் அனுப்பிட்டேன். க்ளியரா வரும்."

"எந்தக் கோழிலேர்ந்து எடுத்தீங்க? எங்க கொட்டாய்ல ஒன்னுகூட இல்லையே."

"ஏதோ ஒரு கோழி. எல்லாக் கோழியும் ஒரே மாதிரிதான்லா இருக்கு." சிரித்தார். பொட்டலத்திலிருந்து பொரித்த வாழைப்பழம் ஒன்றை எடுத்துக் கடித்தார். "ஸைன் போடு."

"அண்ணே, அப்பா தூள் கலந்தத நீங்க பாத்தீங்களா?"

மெல்லுவது நின்றது. அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"யாரு சொன்னா நான் பாத்தேன்னு?"

அப்பா வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். இன்னொரு ஆளைத் தன் வீட்டு நாற்காலியிலேயே வைத்துப் பொய்யன் என்று சொல்ல அப்பாவுக்கு வராது.

"சரி, கேட்டுக்க." தேவதாஸ் விரலைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறவில்லை, அதே அண்ணன் குரல்தான். "மேலிடத்துல இந்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்காங்க. மருந்தில்லாத கோழின்னு போட்டுப் பெட்டி அச்சடிச்சாச்சி. நீ ஸைன் பண்ணலன்னா ஏன் பண்ணலன்னு நான் எழுதணும். என்னன்னு எழுதுவேன்? பண்ணைக்காரர் திருட்டுத்தனமா மருந்து கலந்து சோதனையக் கெடுத்துட்டாருன்னுதான் எழுதணும். பேரு போட்டு. ஏழு பண்ணைக்கும் அது போகும். ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு அண்ணனுக்கே தெரியும். அனுமதியில்லாத மருந்துன்னா அதோட சரி. இந்தக் கொட்டாய்ல குஞ்சு எறங்காது."

திருட்டுத்தனமா என்ற வார்த்தைக்கு அப்பாவின் கை இடுப்பில் சாவி இருந்த இடத்துக்குப் போய்த் திரும்பியது.

"அப்ப சோமு மாமா குஞ்சு?"

"எறங்கட்டும். கொஞ்சம் டல்லாச்சின்னா நானே போயி பேக்கட்ட திருப்பிக் குடுத்துர்றேன். கொஞ்சம் சாவும். எப்பவும் கொஞ்சம் சாவும்தானே?"

"அவரு என்னை நம்பி அனுப்பிட்டாரு."

"ஒன்னைய நம்பலன்னா என்னைய நம்புவாரு. பெரிய விசயமா? நானும் தோட்டத்துலதான் பொறந்தேன் தங்கச்சி. நம்ம சனத்துல ஒரு புள்ள படிச்சி வந்து பேரு வாங்குறப்ப நான் கெடுப்பேனா? அடுத்த தடவ ஒழுங்கா செஞ்சிக்கலாம். இப்ப ஸைன் போடு."

பேனாவை மூடி கழற்றி என் பக்கம் நீட்டினார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். தடுக்கப் பிடித்தாளா, எழுத வைக்கப் பிடித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. உரிந்த விரல்கள் சொரசொரவென்றிருந்தன.

"போட்டுரு தனா" என்றாள் மெதுவாக. "ஒரு கையெழுத்துதானே."

பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லா ஃபாரத்திலும் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கரண்ட் பில் புகாருக்கு, என் அண்ணன் ராவாங் ஊர் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போன விண்ணப்பத்துக்கு, அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதற்காக. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்பதற்காக. சோமு மாமா ஒரு நாள் முழுக்கக் குனிந்து கொட்டகையைக் கழுவியதும் அதற்காகத்தான்.

பன்னிரண்டு மணிக்கு, புளிப்பு மருந்து எத்தனை மூடி என்று அவர் கேட்டபோது, என் வாயிலிருந்து எண் வரவில்லை. முடிவு அப்போதே ஆகிவிட்டது. அதன் பிறகு நான் கிளம்புவதற்குச் செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

"போட மாட்டேன் அண்ணே. சோமு மாமா வீட்டுக்குப் போறேன். பேக்கட்ட திரும்ப வாங்கிக்கச் சொல்லப் போறேன். ஏன்னும் சொல்லப் போறேன். ராத்திரிக்குள்ள ரிப்போர்ட்ட நானே மாத்தி எழுதி மேலிடத்துக்கு அனுப்புறேன். பன்னெண்டு நாளையும் போட்டு."

"ஒங்கப்பா பேரையுமா?"

"போடணும்னா போடுறேன். நீங்க வாசல்ல நின்னதையும் போடுறேன்."

"அதுக்கு சாட்சி இருக்கா?" என்றார் தேவதாஸ். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். அவரைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். சோப்பு வாசனை அடித்தது. அவர் நகர்ந்து வழிவிட்டார். கோபத்தில் நகர்ந்தாரா, அவமானத்தில் நகர்ந்தாரா, எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைப்போல எல்லாவற்றுக்கும் ஒரே முகம்தான்.

மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினேன். பின்னால் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு முறைதான். பிறகு வீட்டுக்குள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, மூன்று மணியிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அப்பாவின் குரல், சத்தம் போடாமல், தெளிவாகக் கேட்டது.

"தம்பி, நீ பாத்தியா, பாக்கலயா?"

பதிலைக் கேட்க நான் நிற்கவில்லை. எஞ்சினை உதைத்தேன்.